மேரியின் ஒயினுக்கு ஆறு மார்க்

ஒயினில் ரஸ்க்கைத் தோய்த்துத் தின்ற என் மேரிக்கு,

முதலில் ஒரு சண்டையைச் சொல்லிவிடுகிறேன். உன் முதல் ஆண்டு நினைவுத் திருப்பலி போன மாதம் ஏலாக்குறிச்சியில் முடிந்தது. அதற்கு மறுவாரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சேர்ந்து கொண்டுவரும் மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். கட்டுரையாக வராது, கடிதமாகத்தான் வரும் என்றேன். எனக்கு உன்னிடம் பேசித்தான் பழக்கம். உன்னைப் பற்றி ஊருக்குப் பேசிப் பழக்கமில்லை.

எழுதப்போகும் விஷயத்தைச் சொன்னதும் மலரைத் தயாரிக்கும் சார் இழுத்து இழுத்துப் பேசினார். "எல்லாம் சரிங்க டீச்சர். அந்த ஒயின்ங்கிற வார்த்தையை மட்டும் பானம்னு மாத்திக்கலாமா? ரெண்டு டீச்சருங்க ஒயின் குடிச்சாங்கன்னா படிக்கிறவங்க என்ன நெனப்பாங்க?"

"பானம்னு போட்டா நாங்க மோர் குடிச்சதா நெனப்பாங்க சார். ஒயின்னே இருக்கட்டும். இல்லைன்னா விட்டுடுங்க, நான் எழுதல."

அவர் சரி என்றார். ஆகவே இதைப் படித்து முகம் சுளிக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஆமாம், நாங்கள் இரண்டு பேரும் ஒயின் குடித்தோம். மாதத்தில் ஒரு நாள், இரண்டாம் சனிக்கிழமை, அரியலூரில் என் வீட்டுச் சமையலறையில், சாப்பிட்ட பாத்திரம் கழுவி வைத்த பிறகு, ஆளுக்கு அரை டம்ளர். அதற்கு மேல் போனதில்லை. அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீயும் கேட்டதில்லை.

கேட்டதில்லை என்று எழுதும்போதே கை நிற்கிறது மேரி. கடைசி மூன்று வருடம் நீ மாறிப்போனாய். அதற்கு வருகிறேன்.

நாம் பழகியது பெரம்பலூர் கேம்பில். பத்தாம் வகுப்புத் தாள் திருத்த நான் அறிவியலுக்கு வந்திருந்தேன், நீ சமூக அறிவியலுக்கு. மதியச் சாப்பாட்டில் என் புளிச்சோற்றை ஒரு வாய் எடுத்துத் தின்றுவிட்டு, உப்பு கம்மி என்று முகத்துக்கு நேராகச் சொன்னாய். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு என்னை ஏலாக்குறிச்சிக்குக் கூப்பிட்டாய். கேக்கோடு ஒரு சின்ன டம்ளரில் சிவப்பாக ஏதோ கொடுத்தாய். திருமானூர்ப் பக்கம் கரும்பு போடுகிற வீட்டில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டில் குடி என்றால் அது சித்தப்பாவின் சத்தம், சித்தியின் அழுகை. அவ்வளவுதான் தெரியும். பயந்துகொண்டே ஒரு மடக்கு குடித்தேன்.

"என்னடி இது, இருமல் மருந்து மாதிரி இருக்கு" என்றேன்.

நீ கோபப்படவில்லை. "எங்க வூட்டுக்கு வந்து இதை நல்லா இல்லன்னு சொன்ன மொத ஆள் நீதான்" என்று சொல்லி என் டம்ளரை வாங்கி நீயே குடித்தாய். ரஸ்க்கைத் தோய்த்து. அது பாதியில் உடைந்து உள்ளே விழ, ஸ்பூனை எடுத்து அள்ளித் தின்றாய். நான் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். டீயில் தோய்க்கிறது போல ஒயினில் தோய்க்கிறாளே என்று.

உனக்குப் பிடித்தது கடையில் ஆகக் குறைந்த விலையில் கிடைக்கிற போர்ட் ஒயின். இனிப்பு, கெட்டி, ஐஸ் கட்டி போட்டால்தான் தொண்டையில் இறங்கும். எனக்குப் பிடித்ததை நான் கண்டுபிடித்தது உன் வீட்டுக்காரரின் தவறால். சவரிமுத்து அண்ணனைக் கடைக்கு அனுப்பினால் கையில் கிடைத்ததை எடுத்து வந்துவிடுவார். ஒருமுறை இனிப்பே இல்லாத சிவப்பு ஒயின் வந்துவிட்டது. நீ வாயில் ஊற்றிய வேகத்தில் சிங்கில் துப்பினாய். "கஷாயம்டி இது." நான் மெதுவாகக் குடித்தேன். நாவல்பழம் தின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி இருந்தது. ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்றைக்குத்தான் நம் கட்சி பிரிந்தது. நீ என்னுடையதைக் கஷாயம் என்றாய், நான் உன்னுடையதை சர்பத் என்றேன். நீ உயிரோடு இருந்தவரை ஒருவர் கட்சிக்கு இன்னொருவர் தாவவில்லை.

எது நல்ல ஒயின் என்று தீர்த்துவிடலாம் என்று ஒரு நாள் உன் வீட்டில் நாம் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வாத்தியார்களுக்குத் தெரிந்தது மார்க் போடத்தானே? நோட்டுக்கு அட்டை போடுகிற பிரவுன் தாளை மூன்று பாட்டிலைச் சுற்றி ஒட்டினோம். கேம்பில் பதிவு எண்ணை மறைத்து டம்மி நம்பர் போடுவது போல மேலே நம்பர் எழுதினோம். இருபது மார்க் தாள். நிறத்துக்கு இரண்டு, வாசனைக்கு ஐந்து, ருசிக்கு எட்டு, விழுங்கிய பிறகு நாக்கில் நிற்பதற்கு ஐந்து. நடுவில் வாயைச் சுத்தம் செய்ய ஆண்டிமடத்து முந்திரி, உப்பில்லாமல் வறுத்தது. எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு ஒன்றை மறந்தோம். கீ தயாரிக்கவில்லை. சரியான விடை எது என்று எழுதி வைக்காமல் தாள் திருத்த உட்கார்ந்த வாத்தியார்கள் உலகத்திலேயே நாம் இரண்டு பேராகத்தான் இருக்க முடியும்.

முடிவில் ஒரே பாட்டிலுக்கு நீ பதினெட்டு, நான் நாலு. இவ்வளவு வித்தியாசம் வந்தால் தாள் சீஃப் எக்ஸாமினரிடம் போக வேண்டும் அல்லவா? சவரிமுத்து அண்ணனை சீஃப் ஆக்கினோம். மூன்று டம்ளரையும் மூன்று மடக்கில் முடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

திருச்சியில் நாமே உள்ளே போய் எடுத்துப் பார்த்து வாங்குகிற கடை வந்த பிறகு உனக்கு அண்ணன் தேவைப்படவில்லை. அரியலூரில் பஸ் ஏறும்போது கையில் துணிக்கடைப் பை. முதல் தடவை பில் போடுகிற இடத்தில் நரைத்த மீசையோடு உட்கார்ந்திருந்தவர் நம்மைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "மேரி டீச்சருங்களா?" நான் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். நீயோ கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, எந்த வருஷத்து செட் என்று விசாரித்தாய். பிறகு இரண்டு பாட்டிலை அவர் முன்னால் வைத்து, "இதுல எதுப்பா சமீபத்துல வந்தது?" என்றாய். அவர் மிகுந்த மரியாதையோடு, "எடதுபக்கம் இருக்கிறதுங்க டீச்சர். அந்த ஜன்னலோர அலமாரில மட்டும் எடுக்காதீங்க, வெயில் அடிக்குது" என்றார்.

அவரிடம் கற்றதும் நாமே குடித்துக் கற்றதும் சேர்ந்து நமக்கென்று சில வழக்கங்கள் வந்தன. யாருக்காவது உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன். ஒரு கிலோ ஆட்டுக்கறி விலையைத் தாண்டி ஒயின் வாங்குவதில்லை. புதிதாக ஒன்றைப் பார்க்கும்போது முதலில் அரை பாட்டில்தான். பாட்டிலின் பின்பக்க லேபிளில் எப்போது அடைத்தார்கள் என்று பார்ப்பது. விலை குறைந்த ஒயின் வைத்திருந்து முதிர்கிற ஜாதி இல்லை, புதிதாக இருக்கும்போதே குடித்துவிட வேண்டும். திருகு மூடி என்றால் மட்டம் என்று நினைக்காதே என்பாய் நீ, தக்கையை உடைத்து ஒயினில் தூளாக்கிய அனுபவத்தில். உனக்கானதை நன்றாகக் குளிர வைக்க வேண்டும், எனக்கானதை ஃபிரிட்ஜில் கால் மணி நேரம் வைத்தால் போதும். மிஞ்சியதை அடுத்த மாதம் வரை வைக்கக் கூடாது. என்னுடையது மிஞ்சினால் கறிக்குழம்பில் ஊற்றச் சொல்வாய். "ஒன்னோடது அதுக்குத்தான் லாயக்கு."

இப்போது அந்தக் கடைசி மூன்று வருடத்துக்கு வருகிறேன்.

உன் மகன் ஜெரால்ட் பெங்களூரில் வீடு வாங்கியதும் நீ போய் ஒரு மாதம் இருந்தாய். திரும்பி வந்த பிறகு வந்த இரண்டாம் சனிக்கிழமை, உனக்கு ஊற்றியதை அப்படியே வைத்துவிட்டாய். வயிறு சரியில்லை என்றாய். அடுத்த மாதமும் வயிறு. ரஸ்க் பாக்கெட்டை நான் பிரித்து வைத்தேன், நீ தொடவில்லை. கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டிலேயே கேக்கை மட்டும் கொடுத்தாய். உங்கள் அப்பா காலத்திலிருந்து வருகிற பழக்கம், யாருடைய ஆண்டுத் திருப்பலி முடிந்தாலும் வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மடக்கு ஒயின். அதைக்கூட உன் மாமியாரின் ஆண்டில் நிறுத்திவிட்டாய். நான் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்க வாங்க, நீயாகச் சொன்னாய். ஜெரால்ட் வீட்டு விருந்தில் அவன் ஆபீஸ் ஆட்கள் முன்னால் விலை உயர்ந்த ஒயினை உன் கையில் கொடுத்தார்கள். கசந்தது. நீ மருமகள் பிரின்சியிடம் ரஸ்க் இருக்கிறதா என்று கேட்டாய். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சேர்ந்து சிரித்தான். "எங்கம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது, ஊர்க்காரங்க" என்று அவர்களிடம் இங்கிலீஷில் சொன்னான். முப்பத்து மூன்று வருடம் டீச்சராக இருந்தவளுக்கு அந்த இங்கிலீஷ் புரியாது என்று நினைத்துவிட்டான்.

"அவன்கிட்ட சொல்லாத வசந்தா. மனசு ஒடஞ்சு போயிடுவான்."

"சரி, சொல்லல."

"என் மொத வருஷத்துக்கு வரவங்களுக்கு எல்லாருக்கும் என் ஒயினைத்தான் ஊத்தணும். வேற எதுவும் கூடாது. எல்லார் முன்னாடியும் ஊத்தணும். நீதான் ஊத்தணும்."

"அந்த சர்பத்தையா?"

"அந்த சர்பத்தைத்தான்" என்று சிரித்தாய். சிரிப்பு இருமலாகிவிட்டது. நான் உன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

உன் ஆண்டுத் திருப்பலிக்கு முந்தின நாள் மதியம் உன்னுடைய ஒயின் ஆறு பாட்டிலோடு ஏலாக்குறிச்சிக்கு பஸ்ஸில் போய் இறங்கினேன். ஜெரால்ட் காரில் வந்து முன்பே இறங்கியிருந்தான். மேசைமேல் ஒரு பெட்டி நிறையச் சிவப்பு ஒயின், பக்கத்தில் தண்டு நீண்ட கண்ணாடிக் கோப்பைகள். என் பையைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. உன் மகன் என்னிடம் எப்போதும் மரியாதை மேரி, அதில் குறை சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளையில் பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன். எட்டாம் வகுப்பில் என்னிடம் வந்தபோது ஸ்கூல்ல டீச்சர்னு கூப்பிடுடா என்று அதட்டினேன், அதோடு வீட்டிலும் டீச்சர் ஆகிவிட்டேன்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. இது ஒயினே இல்ல. சர்க்கரையும் கலரும். நல்லதா நானே கொண்டு வந்திருக்கேன்."

அம்மாவின் ஆசை என்றேன். அம்மாவுக்கு நல்லது எது என்று தெரிந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பார்கள் என்றான். இப்படியே ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். "உங்க முறையிலேயே வச்சுப் பாத்துடலாம் டீச்சர். பிரவுன் பேப்பர், டம்மி நம்பர். அம்மா சொல்லியிருக்காங்க."

நான் சரி என்றேன். அவன் நேர்மையாகக் கேட்டான், நானும் நேர்மையாக உட்கார்ந்தேன். ஐந்து பேர். அவன், பிரின்சி, சவரிமுத்து அண்ணன், பக்கத்து வீட்டு ஸ்டெல்லா, நான். மூன்று பாட்டில், உன்னுடையது ஒன்று, அவன் பெட்டியிலிருந்து இரண்டு வகை. எல்லாருக்கும் துண்டுத்தாள், பென்சில். உன்னுடையது முதல் மோப்பத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தெரியாத மாதிரி நினைத்துக்கொண்டு மார்க் போட்டேன்.

இங்கே யாராவது உன் ஒயின் ஜெயித்தது என்று எதிர்பார்த்தால் மன்னிக்க வேண்டும். உன்னுடையது கடைசியில் வந்தது. கொஞ்சம் இல்லை, ரொம்பக் கடைசி. அண்ணன் மூன்றுக்கும் ஒரே மார்க் போட்டிருந்தார். ஜெரால்ட் என் துண்டுத்தாளைத் தூக்கிப் பிடித்தான்.

"பாத்தீங்களா டீச்சர், நீங்களே இருபதுக்கு ஆறுதான் போட்டிருக்கீங்க."

"ஆமாம்பா. முன்னாடி நாலு போடுவேன். கலர் நல்லா இருந்துச்சு, ரெண்டு கூட்டியிருக்கேன்."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? நாளைக்கு அதைத்தான் ஊத்தறேன்."

அவனுக்குப் புரியவில்லை. தோற்றவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் கணக்கு. நான் அடுப்படிக்குப் போய் மூன்று பேசின் எடுத்து வந்தேன். ஒன்றில் கை பொறுக்கிற வெந்நீர், ஒன்றில் ஐஸ் தண்ணீர், நடுவில் குழாய்த் தண்ணீர். பேசினைப் பார்த்ததுமே சிரித்துவிட்டான். எட்டாம் வகுப்பில் வருடா வருடம் நான் செய்து காட்டுவது. ஒரு கையை வெந்நீரிலும் மறு கையை ஐஸிலும் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, இரண்டையும் நடுப் பேசினில் விட வேண்டும். ஒரே தண்ணீர்தான். ஒரு கைக்குச் சில்லென்று இருக்கும், இன்னொரு கைக்குச் சூடாக இருக்கும். சட்டைக் கையை மடித்துக்கொண்டு செய்தான் மேரி. நாற்பது வயது ஆள்.

"எந்தக் கை பொய் சொல்லுது ஜெரால்ட்?"

"ரெண்டும் பொய் சொல்லல."

"அப்ப உங்கம்மா நாக்கு மட்டும் எப்படிப் பொய் சொல்லும்?"

பக்கத்தில் இருந்த பிரின்சி எனக்கு உதவ வந்தாள். பாவம், நல்ல பெண். இத்தாலியில்கூட இனிப்பு ஒயினில் பிஸ்கட்டைத் தோய்த்துத்தான் சாப்பிடுவார்கள், ஆகவே அத்தை செய்ததில் தப்பில்லை என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

"இத்தாலிக்காரன் செய்யலைன்னாலும் எங்க மேரி செய்வாம்மா. அவளுக்குப் பிடிச்சிருந்துச்சு. அதுக்கு எந்த ஊர்லேருந்தும் சான்றிதழ் வாங்க வேண்டியதில்ல."

ஜெரால்ட் கையைத் துடைத்துக்கொண்டே, தாழ்ந்த குரலில், உண்மையைச் சொன்னான். "அது இல்ல டீச்சர். நாளைக்கு எங்க ஆபீஸ்லேருந்து நாலு பேர் வராங்க. அவங்க முன்னாடி இதையா ஊத்தறது?"

அந்த நேரத்தில் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வந்தது. ஆஸ்பத்திரியில் நீ சொன்னதை அவன் முகத்தில் எறிந்திருந்தால் அந்த நிமிடமே அடங்கியிருப்பான். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நீ சொல்லாதே என்றாயே. விழுங்கிவிட்டேன். அண்ணன்தான் வாயைத் திறந்தார்.

"டீச்சர் சொல்றதக் கேளுடா. எனக்கு எல்லாம் ஒண்ணுதான். அவளுக்கு அப்படி இல்ல."

அவன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

காலையில் பார்த்தால் மேசைமேல் அவனுடைய பாட்டில்களும் கோப்பைகளும் மட்டும் இருந்தன. உன்னுடையவை ஸ்டோர் ரூமில், அரிசி டிரம்முக்குப் பின்னால், சாக்கு போட்டு மூடி இருந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கோப்பைகளை உடைத்திருப்பேன். உடைக்கவில்லை. உன் பாட்டில்களை எடுத்துத் துடைத்து, ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டு, கோவிலுக்குப் போனேன். பூசை முடிகிற சமயத்தில் முன்னதாகவே எழுந்து வந்தேன். உன் எவர்சில்வர் டம்ளர்கள் எல்லாவற்றையும் தட்டில் அடுக்கி, வாசலில் உன் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

ஜெரால்ட் முதலில் வந்து பார்த்துவிட்டான். "டீச்சர், ப்ளீஸ்."

"ஒன்னோடதைச் சாப்பாட்டோட ஊத்து, வேணாம்னு சொல்லல. மொத மடக்கு உங்கம்மாவோடது. வாக்கு குடுத்தது நான். அசிங்கம்னா எனக்கு வரட்டும். ரிட்டயர்டு டீச்சருக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு உங்க ஆளுங்ககிட்ட சொல்லிக்க."

அவன் நகர்ந்து தூணோரம் நின்றான். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்கியம்தான் சொன்னேன். "இது மேரி டீச்சருக்குப் பிடிச்ச ஒயின்." நல்ல ஒயின் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. குடிக்காதவர்கள் டம்ளரைத் தொட்டுவிட்டு வைத்தார்கள். வரதராஜன்பேட்டையிலிருந்து வந்த உன் பழைய மாணவிகள் ஒருத்தி டம்ளரை ஒருத்தி பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டுச் சிரித்தார்கள். ஸ்டெல்லா இரண்டாவது தடவை கேட்டாள், முந்தின நாள் மூன்று மார்க் போட்டவள். பெங்களூர் ஆட்களில் ஒருவர் பாதியைக் குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றியதைப் பார்த்தேன். ஊற்றட்டும். பிடிக்கவில்லை என்று சொல்ல அவருக்கும் ஒரு நாக்கு இருக்கிறது.

எல்லாரும் உள்ளே போன பிறகு தட்டில் ஒரு டம்ளர் மிச்சம். ஜெரால்ட் வந்து அதை எடுத்தான். குடிக்கவில்லை. உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தான். கையில் ரஸ்க் பாக்கெட். மேரி, அதை நான் மறந்துவிட்டேன். எல்லாம் செய்தவள் ரஸ்க்கை வைக்க மறந்துவிட்டேன்.

என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். ஒன்றை எடுத்து ஒயினில் தோய்த்தான்.

"பெங்களூர்ல ஒரு நாள் அம்மா ரஸ்க் கேட்டாங்க டீச்சர். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நான் ஒண்ணு சொன்னேன் வேற." என்ன சொன்னான் என்பதையும் சொன்னான். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. "அதுக்கப்பறம் அவங்க எங்க வூட்டுல ஒயினைத் தொடவே இல்ல. உங்ககிட்ட சொன்னாங்களா?"

"ரஸ்க் ஊறிப்போச்சு பாரு" என்றேன்.

அவன் பார்ப்பதற்குள் அது உடைந்து டம்ளருக்குள் விழுந்துவிட்டது. அப்படியே குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்.

"ஸ்பூன் இருக்கா பெரியம்மா?"

கொண்டு வந்து கொடுத்தேன். அடி வரைக்கும் வழித்துத் தின்றான். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லா இல்ல."

"ஆமாம்பா. நல்லாத்தான் இல்ல."

இன்னொரு ரஸ்க் எடுத்துக்கொண்டான்.

நான் சொல்லவில்லை மேரி, அவனே சொன்னான். இதை எழுதட்டுமா என்று போனில் கேட்டேன். பேரைப் போட்டே எழுதச் சொன்னான்.

எனக்கு ஒன்றுதான் உறுத்துகிறது. முப்பது வருடம் நானும் உன் ஒயினைப் பார்த்துச் சிரித்தேனே, சர்பத் என்றேனே, அதுவும் அவன் சிரித்ததும் ஒன்றா? நான் சொல்லும்போது நீ பதிலுக்குக் கஷாயம் என்றாய், டம்ளரை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டாய். அவன் சொன்னபோது உன் வாய் அடைத்துவிட்டது. வித்தியாசம் அதில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். சரியா என்று நீ சொல்ல வேண்டும்.

ஒரு வாக்கு தருகிறேன். இரண்டாம் சனிக்கிழமை நிற்காது. திருச்சிக்குத் தனியாகவே போய் வருவேன், முட்டி வலித்தாலும். உன்னுடையது ஒன்று, என்னுடையது ஒன்று, ஜன்னலோர அலமாரியில் எடுக்க மாட்டேன். பிரவுன் தாள் சுற்றி, நம்பர் போட்டு, இரண்டுக்கும் மார்க் போடுவேன். உன்னுடையதுக்கு ஆறுதான். நீ போய்விட்டாய் என்பதற்காக ஒரு கருணை மதிப்பெண்கூடக் கிடையாது. ஆனால் உன் பாட்டிலை மேசையிலிருந்து எவர் எடுத்து ஒளித்து வைத்தாலும், எனக்கு உடம்பில் தெம்பு இருக்கும்வரை, திரும்பக் கொண்டுவந்து வைப்பேன். பக்கத்தில் ரஸ்க்கும் இருக்கும். ஸ்பூனும்.

இப்படிக்கு,
ஜெரால்டின் பெரியம்மா,
உன் கஷாயக்காரி
வசந்தா
அரியலூர்